சீன மூலிகைச் சேர்மங்கள் செல்களின் மறுசுழற்சியைத் தூண்டுகின்றன என்பது உண்மையா?

கேள்வி கேட்டவரின் தந்தை நீரிழிவுக்கு மாத்திரை எடுத்துக்கொள்பவர். சீன மரபு மருத்துவத்தின் ஹுவாங்லியன் மூலிகையிலிருந்து பிரித்தெடுத்த பெர்பெரின் கேப்சூல் "செல்களைச் சுத்தம் செய்யும்" என்று விளம்பரம் செய்கிறார்களே, அதை நம்பலாமா, மாத்திரையோடு சேர்த்துத் தரலாமா என்று அவர் கேட்டிருக்கிறார். இந்தச் செயல்முறையை ஆய்வகத்தில் அளக்கும் வேலையில் இருப்பவன் என்ற முறையில் எழுதுகிறேன். பெர்பெரின் செல்லின் மறுசுழற்சியைத் தொடுகிறது என்பது உண்மை. ஆனால் ஒரு சேர்மம் அந்தப் பாதையின் எந்தப் படியைத் தொடுகிறது என்று சொல்லாமல் "தூண்டுகிறது" என்று மட்டும் சொன்னால், அதைக் கொண்டு எந்த முடிவுக்கும் வர முடியாது.

பழுதான புரதங்களையும் தேய்ந்துபோன மைட்டோகாண்ட்ரியாக்களையும் (செல்லுக்கு ஆற்றல் தரும் உறுப்புகள்) செல் ஓர் இரட்டைச் சவ்வுப் பைக்குள் அடைக்கிறது. அந்தப் பை, செல்லின் சிதைப்பு உறுப்பான லைசோசோமோடு இணைந்ததும், அங்குள்ள அமிலச் சூழலில் நொதிகள் உள்ளிருப்பதைச் சிதைத்து, அமினோ அமிலங்கள் போன்ற மூலப்பொருள்களாகத் திருப்பித் தருகின்றன. இதுவே தன்னுண்ணல் எனப்படும் ஆட்டோபேஜி. இதற்கான மரபணுக்களை ஈஸ்ட்டில் 1990களில் அடையாளம் கண்ட யோஷினோரி ஓசுமிக்கு 2016ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. ஊட்டம் நிறைந்திருக்கும்போது எம்டார் என்ற புரதத் தொகுதி இச்செயலை அடக்கி வைக்கிறது. ஆற்றல் குறையும்போது ஏஎம்பிகே என்ற நொதி விழித்து அந்தத் தடையைத் தளர்த்துகிறது.

பெர்பெரின் நுழையும் இடம் இதுதான். அது மைட்டோகாண்ட்ரியாவில் ஆற்றலை உண்டாக்கும் புரதத் தொகுதிகளின் வரிசையான சுவாசச் சங்கிலியில் முதல் தொகுதியைத் தடுக்கிறது என்பதை 2008இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆற்றல் உற்பத்தி சற்றுக் குறைவதால் ஏஎம்பிகே இயங்கத் தொடங்குகிறது, எம்டார் அடங்குகிறது, தன்னுண்ணல் முடுக்கப்படுகிறது. செல் இங்கே பட்டினியை உணர்கிறது என்று சொல்லலாம். (நம் சித்த மருத்துவத்திலும் இலங்கையிலும் பயன்படும் மரமஞ்சளின் மஞ்சள் நிறத்துக்கும் இதே பெர்பெரின்தான் முக்கியக் காரணம் என்பதால், இது நமக்கு முற்றிலும் அந்நியமான பொருளும் அல்ல.)

ஆய்வகத்தில் இதை எப்படி அளக்கிறோம் என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் பெரும்பாலான மிகைக்கூற்றுகள் இந்த இடத்தில்தான் பிறக்கின்றன. எல்சி3 என்ற புரதம் கொழுப்போடு பிணைந்து பையின் சவ்வில் ஒட்டிக்கொள்கிறது. புரதங்களைப் பிரித்துப் பட்டைகளாகக் காட்டும் வெஸ்டர்ன் பிளாட் சோதனையில் அந்த வடிவம் இரண்டு பட்டைகளில் கீழே உள்ளதாகத் தெரியும். மூலிகைச் சாற்றைச் சேர்த்ததும் கீழ்ப்பட்டை தடித்தால், பைகள் பெருகிவிட்டன என்று அறிகிறோம். ஆனால் சுங்கச்சாவடியில் வண்டிகள் வரிசைகட்டி நிற்பதைப் பார்த்தவுடன் போக்குவரத்து அதிகரித்துவிட்டது என்று முடிவு கட்ட முடியாது; வாயில் மூடியிருந்தாலும் வரிசை நீளும். லைசோசோம் பழுதாகிப் பைகள் சிதையாமல் தேங்கினாலும் கீழ்ப்பட்டை அதே போலத்தான் தடிக்கும். ஆகவே லைசோசோமின் அமிலமாக்கலை நிறுத்தும் பாஃபிலோமைசின் என்ற பொருளைச் செல் வளர்க்கும் சில தட்டுகளில் கூடுதலாகச் சேர்த்துப் பார்க்கிறோம். சேர்மம் உண்மையில் உற்பத்தியைக் கூட்டியிருந்தால் பட்டை மேலும் தடிக்கும்; அது ஏற்கெனவே கடைசி வாயிலை முழுமையாக அடைத்திருந்தால் பெரிய மாற்றம் இருக்காது. பைக்குள் அடைபட்ட சரக்கோடு சேர்ந்து தானும் சிதையும் பி62 என்ற புரதத்தின் அளவையும் கூடவே பார்ப்பது வழக்கம். இதற்கான உலகளாவிய வழிகாட்டு நெறிகள் 2008 முதல் பல பதிப்புகள் கண்டுவிட்ட பிறகும், இந்தக் கட்டுப்பாட்டுச் சோதனையே இல்லாத கட்டுரைகளை நான் தொடர்ந்து பார்க்கிறேன், அது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது.

இந்தக் குழப்பத்துக்கு மிகச் சிறந்த எடுத்துக்காட்டு டெட்ராண்ட்ரின். ஹான் ஃபாங்ஜி என்ற கொடியின் வேரிலிருந்து கிடைக்கும் இதைச் சீனாவில் சிலிக்கோசிஸ் என்ற நுரையீரல் நோய்க்குப் பயன்படுத்தியிருக்கிறார்கள். இது தன்னுண்ணலை வலுவாகத் தூண்டுகிறது என்று சில குழுக்களும், லைசோசோமைப் பாதித்து அதைத் தடுக்கிறது என்று வேறு சில குழுக்களும் அறிவித்தன. லைசோசோம் போன்ற உறுப்புகளின் சவ்விலுள்ள இரட்டைத் துளைக் கால்சியம் வாய்க்கால்களை டெட்ராண்ட்ரின் அடைக்கிறது என்பதும், அதனால் எபோலா வைரஸ் செல்லுக்குள் நுழையும் வழி தடைபடுகிறது என்பதும் 2015இல் காட்டப்பட்டன. லைசோசோமை இவ்வளவு நேரடியாகத் தொடும் ஒரு பொருளைத் "தூண்டி" என்று ஒற்றைச் சொல்லில் அழைப்பதை நான் ஏற்கமாட்டேன்.

இதே கொடியோடு தொடர்புடைய ஒரு துயரத்தையும் சொல்லியாக வேண்டும். 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸ் நகரில், உடல் எடையைக் குறைக்கத் தரப்பட்ட கேப்சூல்களில் இந்த ஃபாங்ஜிக்குப் பதிலாக, குவாங் ஃபாங்ஜி என்ற அரிஸ்டலோக்கியா இனத் தாவரம் கலந்துவிட்டது. அதிலுள்ள அரிஸ்டலோக்கிக் அமிலம் சிறுநீரகத்தை அழிக்கக்கூடியது. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் பாதிக்கப்பட்டார்கள், அவர்களுள் பெரும்பாலானோர் பெண்கள். பலருக்கு டயாலிசிஸோ மாற்றுச் சிறுநீரகமோ தேவைப்பட்டது, பின்னர் சிலருக்குச் சிறுநீர்ப்பாதையில் புற்றுநோயும் கண்டறியப்பட்டது. கேப்சூலுக்குள் என்ன இருக்கிறது என்று சோதித்துப் பார்க்காத வரை, சேர்மத்தின் செயல்முறை பற்றி நாம் பேசுவது எதுவும் நோயாளியைக் காக்காது.

நம்பிக்கை தரும் ஆய்வுகளும் உண்டு. கௌ டெங் என்ற கொக்கி முள் கொடியிலுள்ள ஐசோரின்கோபிலின், பார்க்கின்சன் நோயில் நரம்புச் செல்களுக்குள் திரளும் ஆல்ஃபா சினுக்ளின் புரதத்தைத் தன்னுண்ணல் வழியாகச் சிதைக்க உதவுகிறது என்று ஹாங்காங் பாப்டிஸ்ட் பல்கலைக்கழகக் குழு 2012இல் வெளியிட்டது. எம்டாரைச் சாராமல், பெக்லின் 1 என்ற புரதத்தைச் சார்ந்து இது நடக்கிறது என்பது அதன் சிறப்பு. லெய் கோங் டெங் கொடியின் செலாஸ்ட்ரால், நுர்77 என்ற புரதத்தோடு பிணைந்து, அழற்சியில் சிக்கிய மைட்டோகாண்ட்ரியாக்களை அகற்றத் தூண்டுவதாக 2017இல் அறிந்தோம். எனினும் அந்தக் கொடி கல்லீரலையும் இனப்பெருக்க உறுப்புகளையும் பாதிக்கக்கூடிய நச்சுத்தன்மை கொண்டது. புற்றுநோயில் நிலைமை இன்னும் சிக்கலானது. தொடக்கத்தில் கட்டி உருவாவதைத் தடுக்கும் தன்னுண்ணல், வளர்ந்த கட்டிக்குப் பட்டினியிலும் மருந்திலும் தப்பிப் பிழைக்கும் வழியாகிவிடுகிறது. அதனால்தான் அதை முடுக்குவதற்கு மாறாக, ஹைட்ராக்சிகுளோரோகுயின் என்ற மருந்தால் தடுக்கும் முயற்சிகள் நோயாளிகளிடம் நடந்திருக்கின்றன.

உங்கள் தந்தையிடம் வருகிறேன். தட்டில் வளரும் செல்களுக்குப் பெர்பெரினை மைக்ரோமோலார் அளவில் ஊற்றுகிறோம். வாய்வழி எடுப்பவரின் இரத்தத்திலோ அது அதில் ஆயிரத்தில் ஒரு பங்கான நானோமோலார் அளவில்தான் காணப்படுகிறது, ஏனெனில் குடல் அதை மிகக் குறைவாகவே உறிஞ்சுகிறது. நாளுக்கு மூன்று வேளை 500 மில்லிகிராம் வீதம் மூன்று மாதம் தந்து, இரண்டாம் வகை நீரிழிவில் சர்க்கரை குறைந்ததைக் காட்டிய சீன ஆய்வு 2008இல் வந்தது உண்மை. அது அளந்தது சர்க்கரையை, தன்னுண்ணலை அல்ல. ஒரு மனிதருக்குத் தன்னுண்ணல் கூடியதா என்று மருத்துவமனையில் பார்க்க வழக்கமான இரத்தப் பரிசோதனை எதுவும் இல்லை. எனவே "செல் சுத்தம்" என்ற விளம்பர வாக்கியத்துக்காக அதை வாங்க வேண்டாம் என்பதே என் கருத்து.

சர்க்கரைக்காகவே தர விரும்பினாலும் மருத்துவரைக் கேட்காமல் தொடங்காதீர்கள். நீரிழிவு மாத்திரையோடு சேர்ந்தால் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கலாம். மருந்துகளைச் சிதைக்கும் கல்லீரல் நொதிகள் சிலவற்றைப் பெர்பெரின் தடுக்கிறது; சிறுநீரக மாற்று நோயாளிகளிடம் மாற்று உறுப்பை உடல் நிராகரிக்காமல் தடுக்கும் மருந்தான சைக்ளோஸ்போரினின் இரத்த அளவை அது உயர்த்தியது பதிவாகியிருக்கிறது. தந்தை எடுக்கும் எல்லா மாத்திரைகளின் பட்டியலையும் அந்தக் கேப்சூல் டப்பாவையும் ஒன்றாக எடுத்துக்கொண்டு போய் அவருடைய மருத்துவரிடம் காட்டுங்கள்.