போர்டு கடையில் டிசைனுக்கு எவ்வளவு வாங்குவது?

"சின்ன ஃப்ளெக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பிரிண்டுக்குச் சதுர அடி கணக்கில் தயங்காமல் தருகிறார்கள், டிசைனுக்குக் கேட்டால் மட்டும் முகம் மாறுகிறது" என்று கேட்டிருக்கிறீர்கள். கோவில்பட்டி பக்கம் பதினொரு வருஷமாக அதே முகங்களைப் பார்த்து வருகிறேன்.

முதலில் உங்கள் கணக்கைப் போடுங்கள். என் கடையில் வாடகை, கரண்ட், சிஸ்டத்தில் உட்காரும் பையனின் சம்பளம் எல்லாம் சேர்த்து மாதம் 30,000. 25 நாள், எட்டு மணி நேரம் என்றால் மணிக்கு 150 ரூபாய். பத்துக்கு மூன்று ஃப்ளெக்ஸ் 30 சதுர அடி. 18 ரூபாய் வீதம் 540. வெளியே பிரிண்ட் போட 9 ரூபாய் வீதம் 270 போய்விடும். மிச்சம் 270. அந்த டிசைனுக்கு இரண்டரை மணி நேரம் ஆனால் செலவு 375. "டிசைன் ஃப்ரீ" என்று எழுதி வைத்த மூன்று வருஷமும் கைக்காசைப் போட்டுத்தான் கடை நடத்தியிருக்கிறேன்!

இப்போது அவர்கள் தரும் மேட்டரை அடுக்கித் தர 300. பெயர், லோகோ என்று புதிதாக யோசிக்க வேண்டியதென்றால் 1,500-இல் ஆரம்பம். திருத்தம் இரண்டு முறை. பாதி அட்வான்ஸ் வராமல் சிஸ்டத்தைத் தொடுவதில்லை. திருத்தி மாற்றிக்கொள்ளக்கூடிய கோரல் டிரா (டிசைன் போடும் சாஃப்ட்வேர்) ஃபைல் வேண்டுமென்றால் அதற்குத் தனி விலை. பிரிண்டும் நம்மிடமே போட்டால் டிசைன் காசைக் கழித்துக்கொடுத்துப் பார்த்தேன். அது மறுபடியும் ஃப்ரீ ஆகிவிட்டது. இப்போது கழிப்பதில்லை, பில்லில் தனி வரியாகவே வரும்.

காசு கேட்பதை விட, எதற்கு என்று காட்டுவது சுலபம். ஒரு ஸ்வீட் கடை அண்ணாச்சி, "அத கம்ப்யூட்டரே பண்ணிரும்லா, அதுக்கென்ன தம்பி காசு?" என்றார். மூன்றடி உயர போர்டில் பிள்ளையார், அப்பா படம், ஆறு ஸ்வீட் படம், இரண்டு செல் நம்பர் எல்லாம் வேண்டும். எதிர்ப் பிளாட்பாரத்துக்குக் கூட்டிப்போனேன். அறுபது அடி இருக்கும். பத்தடிக்கு ஒரு இஞ்ச் என்று வைத்தால் ஆறு இஞ்ச் எழுத்தாவது இருந்தால்தான் சிரமமில்லாமல் படிக்கலாம். அவர் கேட்டபடி போட்டால் கடைப் பெயருக்கே அந்த இடம் கிடைக்காது. பழைய போர்டில் இங்கிலீஷ்தான் பெரிதாக இருந்தது. தமிழ் 5, ஆங்கிலம் 3, பிற மொழி 2 என்ற விகிதம் தமிழ்நாட்டில் விதியாகவே இருக்கிறது என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தவர், ஆறு ஸ்வீட்டில் நாலைக் கழித்துவிட்டு அட்வான்ஸ் கொடுத்தார். அப்பா படம் மட்டும் போகவில்லை.

கையால் போர்டு எழுதிய ஆர்ட்டிஸ்டிடம் பெயின்ட் விலையை மட்டும் தருகிறேன் என்று யாராவது சொல்லியிருப்பார்களா? சதுர அடிக் கணக்குதான் நம்மைக் கெடுத்தது.

அப்புறம், அட்வான்ஸ் வருமுன் மாதிரியை வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். பேக்கரிக்காரர் ஒருவருக்கு அவசரத்தில் அனுப்பினேன். ஆளைக் காணோம். பத்து நாள் கழித்து அதே டிசைன், அதே கலர், பைபாஸ் ஓரமாகத் தொங்கியது. வேறு எங்கோ அச்சு அசலாக வரைந்து அடித்திருக்கிறார்கள். பிழை பார்க்காமல் நான் அனுப்பியதில் ஒரு துணைக்கால் விட்டுப்போயிருந்தது. அதையும் விடவில்லை. 'கர வகைகள்' இன்னும் அங்கேதான் இருக்கிறது.