எச்.ஐ.வி. உள்ள என் தங்கை கருவுற்றிருப்பது தெரிந்ததும் மாத்திரையை நிறுத்திவிட்டாள். இப்போது 7 வாரம். இது சரியா?

சரியில்லை. இன்றைக்கே அவர் சிகிச்சை பெறும் மையத்துக்குப் போன் செய்து, எத்தனை நாளாக மாத்திரை போடவில்லை என்று சொல்லுங்கள். பெரும்பாலும் உடனே தொடரச் சொல்வார்கள்.

நான் இப்படியொரு மையத்தில் ஆலோசகராக இருக்கிறேன். நாள் தள்ளிப்போனதும் குழந்தைக்கு ஆகாதோ என்று மாத்திரையை ஓரம்கட்டும் பெண்கள் வந்துகொண்டேதான் இருக்கிறார்கள். கர்ப்ப காலத்தில் எந்த மருந்தும் கூடாது என்று கேட்டே வளர்ந்தவர்களுக்கு அந்தப் பயம் இயல்புதான். ஆனால் இங்கே குழந்தையைக் காப்பதே அந்த மாத்திரைதான். சிகிச்சையே இல்லாவிட்டால் கர்ப்பம், பிரசவம், தாய்ப்பால் எல்லாம் சேர்த்து நூற்றில் 15 முதல் 45 குழந்தைகளுக்குத் தொற்று போகலாம். கருவுறும் முன்பிருந்தே மாத்திரை எடுத்து, வைரல் லோடு (ரத்தத்தில் உள்ள வைரஸின் அளவு) கண்டறிய முடியாத அளவில் இருந்தால், பிரசவம்வரை தொற்றும் வாய்ப்பு 1 சதவீதத்துக்கும் கீழே.

உங்கள் தங்கை எடுப்பது டோலுடெக்ராவிர் என்ற எச்.ஐ.வி. மருந்து கலந்த மாத்திரையாக இருந்தால், இணையத்தில் பழைய செய்தி எதையாவது படித்துப் பயந்திருக்கலாம். கருவுறும் சமயத்தில் அதை எடுத்தவர்களின் குழந்தைகளுக்கு மூளை, தண்டுவடக் குறைபாடு சற்றுக் கூடுதலாக வருகிறதோ என்று 2018-ல் போட்ஸ்வானா ஆய்வு ஒன்று சந்தேகம் எழுப்பியது. அதே ஆய்வில் மேலும் பல பிறப்புகளைக் கணக்கில் சேர்த்தபோது அந்த வித்தியாசம் கரைந்துபோனது. 2019-ல் உலக சுகாதார நிறுவனமே கர்ப்பிணிகளுக்கும் சேர்த்து அதை முதல் தேர்வாகப் பரிந்துரைத்தது. தவிர, மூளையாகவும் தண்டுவடமாகவும் வளரும் நரம்புக் குழாய் கடைசி மாதவிடாயிலிருந்து சுமார் 6 வாரத்தில் மூடிவிடும். 7-வது வாரத்தில் நிறுத்துவதால் அந்த விஷயத்தில் எந்தப் பலனும் இல்லை. வைரஸ் மீண்டும் பெருக இடம் கொடுத்ததுதான் மிச்சம்.

பலர் கவனிக்காத ஒன்று: இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளை வெறும் வயிற்றில் டோலுடெக்ராவிருடன் சேர்த்துப் போட்டால் அது உடலில் சரியாகச் சேராது. சாப்பாட்டோடு என்றால் ஒன்றாகப் போடலாம். இல்லையென்றால் டோலுடெக்ராவிரை அவற்றுக்கு 2 மணி நேரம் முன்போ 6 மணி நேரம் பின்போ போட வேண்டும். ஃபோலிக் அமிலமும் வேண்டும்.

மசக்கை வாந்தியால் மாத்திரை தங்கவில்லையா? அதற்காக நாள் கணக்கில் விட்டுவிட வேண்டாம். கர்ப்பத்தில் தரக்கூடிய வாந்தி மருந்துகள் இருக்கின்றன, கேளுங்கள். போட்ட கொஞ்ச நேரத்திலேயே வாந்தி வந்தால் மறுபடி போட வேண்டுமா என்பதையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

வைரல் லோடு பரிசோதனை எப்போது செய்யலாம் என்று கேளுங்கள். ஹெபடைடிஸ் பி-யும் சிபிலிஸும் பார்த்திருக்கிறார்களா என்றும் விசாரியுங்கள். எச்.ஐ.வி-க்குத் தரும் டெனோஃபோவிர் ஹெபடைடிஸ் பி-யையும் அடக்கி வைக்கும். அந்தத் தொற்றும் இருப்பவர் திடீரென நிறுத்தினால் கல்லீரல் பாதிக்கப்படலாம்.

மாத்திரை நிறுத்தியதை அவர் டாக்டரிடம் மறைக்கக் கூடாது. திட்டுவார்களோ என்று தயங்கினால் நீங்கள் கூடவே போய்ச் சொல்லுங்கள்.