பழைய கார்களின் கதவு, கண்ணாடி பீடிங்: கேள்வி பதில்

வடகிழக்குப் பருவமழைக்கு முன்பு பீடிங் (கதவு, கண்ணாடி ஓரங்களில் தண்ணீர் புகாமல் தடுக்கும் ரப்பர் பட்டை) மாற்ற நினைக்கும் பழைய கார் உரிமையாளர்கள் தங்கள் ஐயங்களை அனுப்பலாம் என்று கேட்டிருந்தேன். ஓர் அம்பாசடரையும் ஒரு மாருதி 800-ஐயும் என் கையாலேயே பராமரித்து வருபவன் என்ற முறையில், வந்த கேள்விகளுக்குப் பதில் எழுதுகிறேன்.

தஞ்சாவூரிலிருந்து, அம்பாசடர் வைத்திருப்பவர்: ஐயா, நான்கு கதவுகளிலும் பீடிங் வெடித்துவிட்டது. மழை பெய்தால் உள்ளே தண்ணீர் வருகிறது. எங்கே வாங்குவது, எப்படிப் பொருத்துவது?

அம்பாசடர் உற்பத்தி 2014-இல் உத்தரபாராவில் நின்றுபோனாலும், அதற்கான ரப்பர்கள் இன்னும் கிடைக்கின்றன, சென்னையில் ஜி.பி. ரோடு கடைகளில் பழைய பீடிங்கின் ஒரு துண்டைக் காட்டிக் கேளுங்கள். ஆனால் வாங்குவதற்கு முன், தண்ணீர் எந்த வழியாக வருகிறது என்று கண்டுபிடியுங்கள். ஒரு தாளைக் கதவிடுக்கில் வைத்துக் கதவைச் சாத்தி, மெதுவாக இழுத்துப் பாருங்கள். பிடிப்போடு வந்தால் அந்த இடத்தில் பீடிங் அழுந்துகிறது, வழுக்கிக்கொண்டு வந்தால் அங்கே இடைவெளி இருக்கிறது. கதவு முழுவதும் ஒரு சாண் இடைவெளியில் இப்படிச் சோதித்து, தளர்ந்த இடங்களைச் சாக்பீஸால் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஒருவரை உள்ளே உட்காரவைத்து, கீழிருந்து மேலாகக் குழாய்த் தண்ணீரை விடுங்கள். மேலிருந்து தொடங்கினால் வழியும் தண்ணீர் எல்லா இடத்தையும் நனைத்துவிடும், ஓட்டை எது என்று தெரியாது.

அடுத்து, பழைய பீடிங்கை உரித்தவுடன் புதியதை ஒட்டிவிடாதீர்கள். என் அம்பாசடரின் பின்கதவு வாசலில் கீழ்மூலைப் பீடிங்கை உரித்தபோது, அதனடியில் இருந்த தகட்டின் விளிம்பு அப்பளம் போல ஏடு ஏடாக உதிர்ந்து என் உள்ளங்கையில் விழுந்தது; வெளியிலிருந்து பார்த்தவரை பெயின்ட் மட்டும் பளபளப்பாக நின்று அதை மறைத்திருந்தது. ரப்பருக்கும் தகட்டுக்கும் இடையில் தேங்கும் ஈரம் காய வழியில்லாமல் பல ஆண்டுகள் செய்கிற வேலை அது. கம்பி பிரஷால் வெறும் இரும்பு தெரியும்வரை சுரண்டி, மிச்சத் துருவைச் செயலிழக்கச் செய்யும் துருமாற்றித் திரவத்தைத் தடவி, ப்ரைமரும் பெயின்ட்டும் அடித்து, குறைந்தது ஒரு நாள் முழுவதும் காயவிடுங்கள். விளிம்பு தின்றுபோயிருந்தால் டிங்கரிங் செய்பவரிடம் தகடு வைத்துப் பற்றவைத்த பிறகே மற்ற வேலை.

பொருத்தும்போது பீடிங்கை இழுக்கக் கூடாது. இழுத்துப் பொருத்திய ரப்பர் சில வாரங்களில் தன் நீளத்துக்குச் சுருங்கி, மூலைகளில் உள்வாங்கி, இணைப்பில் வாய் பிளக்கும். இணைப்பு வாசலின் கீழ்ப்பகுதியில் வருமாறு அங்கிருந்து தொடங்கி, இரண்டு கைகளாலும் தள்ளித் தள்ளி உட்காரவைத்து, கடைசியில் ஒரு சென்டிமீட்டர் கூடுதலாக வெட்டி, இரு முனைகளையும் ஒன்றோடொன்று அழுத்திச் சேர்த்துவிடுங்கள். ஒட்டும் வகையாக இருந்தால் பசையை ரப்பர், தகடு இரண்டிலும் தடவி, விரலில் ஒட்டாத பதத்துக்குக் காய்ந்த பிறகே அழுத்துங்கள்.

கடலூரிலிருந்து: மாருதி 800-இல் முன்பக்கம் இடதுபுறத்தில் கால் வைக்கும் இடம் எப்போதும் ஈரமாக இருக்கிறது. ஏசி போட்டால் அதிகமாகிறது. எந்தப் பீடிங்கை மாற்ற வேண்டும்?

எதையும் மாற்ற வேண்டாம். ஏசியின் வடிகால் குழாய் அடைத்திருக்கிறது. அதைச் சுத்தம் செய்யுங்கள்.

திருப்பூரிலிருந்து, ஓய்வுபெற்ற ஓட்டுநர்: தம்பி, இதற்கெல்லாம் இவ்வளவு பாடா? மாதம் ஒருமுறை டீசலில் துணியை நனைத்துத் துடைத்தால் பீடிங் கறுகறுவென்று புதிதுபோல இருக்கும். 30 வருடமாக நான் செய்வது இதுதான்.

அண்ணா, உங்கள் அனுபவத்தின் மேல் மதிப்பு வைத்தே இதை மறுக்கிறேன், ஏனென்றால் நான் பார்த்த வீணாய்ப்போன பீடிங்குகளில் பாதி இந்தப் பழக்கத்தால் வீணானவை. இன்று வரும் கதவுப் பீடிங் பெரும்பாலும் ஈ.பி.டி.எம். என்ற ரப்பர். வெயில், மழை, காற்றிலுள்ள ஓசோன் ஆகியவற்றை அது நன்றாகத் தாங்கும். பெட்ரோலிய எண்ணெய்களை மட்டும் தாங்காது. டீசல், மண்ணெண்ணெய், பழைய எஞ்சின் ஆயில் எதுவானாலும் ரப்பருக்குள் ஊறி அதை உப்பவைத்துவிடும். உப்பும்போது மேலே உள்ள சிறு வெடிப்புகள் மூடிக்கொள்வதாலும் எண்ணெய்ப்பசையாலும் புதிதுபோலத் தெரிகிறது. உள்ளே ரப்பர் வலுவிழந்து குழைகிறது.

அவரே மீண்டும்: அப்படியென்றால் என் வண்டியில் இத்தனை வருடம் எப்படித் தாங்கியது?

எத்தனை முறை பீடிங் மாற்றினீர்கள் என்பதையும் சேர்த்துக் கணக்கிட்டுப் பாருங்கள், அண்ணா. என் சொல்லை நம்ப வேண்டாம்; வீட்டிலேயே சோதித்துவிடலாம். புதிய பீடிங்கில் சரியாக 50 மில்லிமீட்டர் நீளத்தில் இரண்டு துண்டு வெட்டுங்கள். ஒன்றை டீசலிலும் மற்றொன்றைச் சோப்புத் தண்ணீரிலும் ஊறவைத்து, மூன்று நாள் கழித்து எடுத்து, ஸ்கேலின் மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அளந்து எழுதுங்கள்.

மதுரையிலிருந்து: அண்ணா, டீசல் கூடாது சரி. தேங்காய் எண்ணெய் தடவலாமா? அது பெட்ரோலியம் இல்லையே.

பெட்ரோலியம் இல்லைதான். ஆனால் தாவர எண்ணெய் நாள்பட்டால் பிசுபிசுத்துப் புழுதியைப் பிடித்துக்கொள்ளும். அந்தப் புழுதி கதவு சாத்தும்போதெல்லாம் உப்புத்தாள் போல ரப்பரையும் பெயின்ட்டையும் தேய்க்கும். வேண்டாம்.

ஈரோட்டிலிருந்து: எங்கள் மெக்கானிக்கும் டீசல்தான் சொல்கிறார். நீங்கள் ஒருவர்தான் கூடாது என்கிறீர்கள்.

மேலே சொன்ன சோதனையை அவரையும் செய்யச் சொல்லுங்கள். இரண்டு துண்டு ரப்பரும் ஒரு ஸ்கேலும் போதும்.

சேலத்திலிருந்து: புதிய பீடிங் போட்ட பிறகு கதவு சாத்தவே முடியவில்லை. ஓங்கி அறைய வேண்டியிருக்கிறது. பூட்டைத் தள்ளிவைக்கலாமா?

உடனே தள்ளிவைக்காதீர்கள். புது ரப்பர் இன்னும் அமுங்கவில்லை. கதவுகளை முழுவதுமாகச் சாத்தி வண்டியை இரண்டு மூன்று நாள் வெயிலில் நிறுத்துங்கள். பத்து நாளுக்குப் பிறகும் இறுக்கமாக இருந்தால், வாங்கிய பீடிங் உங்கள் வண்டிக்கானதைவிடப் பருமன் அதிகம் என்று பொருள். அதற்காகப் பூட்டை நகர்த்தினால் கதவு வெளியே துருத்திக்கொண்டு நிற்கும், அளவு தவறிய ரப்பர் அப்படியே இருக்கும்.

நாகப்பட்டினத்திலிருந்து: கண்ணாடி ஆடிச் சத்தம் போடுகிறது, ஏற்றும்போது சிக்குகிறது. மேலும் கதவின் உள்ளே தண்ணீர் சலசலக்கிறது. கண்ணாடிப் பீடிங் போய்விட்டதா?

இரண்டும் வேறு வேறு. கண்ணாடி ஏறி இறங்கும் சேனலின் உள்ளே ஒட்டியிருக்கும் வெல்வெட் போன்ற மென்மையான பட்டை தேய்ந்ததால்தான் ஆட்டமும் சிக்கலும். சேனல் ரப்பரை மாற்றி, சிலிக்கான் ஸ்பிரேயை இலேசாக அடித்தால் சரியாகும்.

தண்ணீர் சலசலப்பதுதான் கவலைக்குரியது. கண்ணாடியில் வழியும் மழைநீரில் ஒரு பகுதி எந்தக் காரிலும் கதவுக்குள் இறங்கத்தான் செய்யும். அது வெளியேற கதவின் அடிவிளிம்பில் சிறு துளைகள் விட்டிருக்கிறார்கள். உங்கள் கதவில் அவை மண்ணும் இலைத்தூளும் சேர்ந்து அடைத்துக்கொண்டிருக்கின்றன. இன்றைக்கே ஒரு மரக்குச்சியால் குத்திவிடுங்கள்; உப்புக்காற்று வீசும் உங்கள் ஊரில் ஒரு மழைக்காலம் தண்ணீர் தேங்கினால் அடித்தகடு போய்விடும். கதவு உள்பலகையைக் கழற்றினால் பின்னால் பாலிதீன் தாள் இருக்கிறதா என்றும் பாருங்கள். தேவையில்லாதது என்று பலர் அதைக் கிழித்தெறிந்துவிடுகிறார்கள்; கதவுக்குள் வரும் நீரை அறைக்குள் வராமல் தடுப்பது அந்தத் தாள்தான்.

விழுப்புரத்திலிருந்து: அம்பாசடர் முன்கண்ணாடி ரப்பரை வீட்டில் மாற்றலாமா?

இரண்டு பேர் இருந்தால் மாற்றலாம். ரப்பரை முதலில் கண்ணாடியைச் சுற்றி மாட்டி, அதன் உள்விளிம்புப் பள்ளத்தில் 4 மில்லிமீட்டர் நைலான் கயிற்றைச் சுற்றிலும் பதித்து, இரு முனைகளும் கீழே நடுவில் ஒன்றின்மேல் ஒன்று வருமாறு விடுங்கள். சோப்புத் தண்ணீர் தடவிக் கண்ணாடியை வாசலில் வைத்து, வெளியே இருப்பவர் உள்ளங்கையால் அழுத்த, உள்ளே இருப்பவர் கயிற்றை மெல்ல இழுத்தால், ரப்பரின் உதடு தகட்டின் மேல் ஏறி அமர்ந்துகொண்டே வரும். அவசரப்பட்டு ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் கண்ணாடி விளிம்பில் கீறல் விழும். இங்கேயும் வாசல் விளிம்பில் துருவைப் பார்க்காமல் தொடங்காதீர்கள்.

வேலூரிலிருந்து: 2015 மாடல் காரில் முன்கண்ணாடி ஒழுகுகிறது. இதே முறையா?

இல்லை. அந்தக் கண்ணாடி பாலியூரித்தேன் பசையால் உடலோடு ஒட்டப்பட்டது. கண்ணாடி வேலை தெரிந்தவர்களிடம் கொண்டுபோங்கள்.

சென்னையிலிருந்து: சுற்றிலும் சிலிக்கான் சீலன்ட் அடித்துவிட்டால் இத்தனை வேலையும் மிச்சம்தானே?

வினிகர் வாடை வீசும் சீலன்ட் காயும்போது அமிலம் வெளிவிடும், அது இரும்பை அரிக்கும். ஒழுகலையும் துருவையும் சேர்த்து உள்ளே பூட்டிவிடுவீர்கள்.

திண்டுக்கல்லிலிருந்து: பீடிங் மாற்ற வேண்டும். முதலில் என்ன செய்வது?

தஞ்சாவூர்க்காரருக்கு எழுதிய பதிலை முழுவதும் படியுங்கள். தாள், தண்ணீர்க் குழாய், துரு, அதற்குப் பிறகே ரப்பர்.

திருப்பூர் ஓட்டுநர், நான்கு நாள் கழித்து: தம்பி, அளந்தேன். சோப்புத் தண்ணீரில் இருந்தது 50-தான். டீசலில் இருந்தது 57 ஆகி, நகத்தால் கீறினால் மாவுபோல வருகிறது. இனி எதைத் தடவுவது?

அளந்து எழுதியதற்கு நன்றி, அண்ணா. சோப்புத் தண்ணீரில் துடைத்து, நன்றாகக் காயவைத்து, சிலிக்கான் கிரீஸை விரல்நுனியில் எடுத்து மெல்லிய படலமாகத் தடவுங்கள். கோடைத் தொடக்கத்தில் ஒருமுறை, ஐப்பசி மழைக்கு முன்பு ஒருமுறை போதும்.