மவுஸைத் தொடாமல் ஆடியோ எடிட்டிங்: செந்தூல் அம்மாவுக்குப் பதில்

வணக்கம் அம்மா,

எஸ்.பி.எம். என்ற பள்ளி இறுதித் தேர்வை முடித்த மகன் ஆடியோ எடிட்டிங்தான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறான், கண் தெரியாதவன் திரையில் ஓடும் ஒலியின் அலைக்கோட்டை எப்படி வெட்டுவான் என்று கேட்டிருக்கிறீர்கள். டெலிபோன் ஆபரேட்டர் வேலையே போதும் என்பது உங்கள் எண்ணம்.

அலைக்கோடு பார்ப்பவர்களுக்கு ஒரு வசதி, அவ்வளவுதான். வெட்டு சரியா என்று கடைசியில் சொல்வது காதுதான்.

ஆடாசிட்டி என்ற ஆடியோ எடிட்டிங் மென்பொருளை எடுத்துக்கொள்வோம். அது இலவசம். திரையை வாசித்துச் சொல்லும் என்விடிஏவும் இலவசம். பேட்டியின் நடுவே ஒரு இருமல் என்று வையுங்கள். ஸ்பேஸ் பாரைத் தட்டினால் பதிவு ஓடும். இருமலுக்குச் சற்று முன் இடது சதுர அடைப்புக்குறி, முடிந்ததும் வலது. அந்தத் துண்டு தேர்வாகிவிடும். உடனே டிலீட் அடிக்கக் கூடாது. 'சி'யைத் தட்டினால், வெட்டிய பிறகு எப்படி ஒலிக்கும் என்று முன்கூட்டியே கேட்கலாம். அடுத்த சொல்லின் தலை போயிருந்தால் மறுபடி குறிக்க வேண்டியதுதான். சரியாக இருந்தால் டிலீட். ஒன்று, ஹெட்போன் கட்டாயம். பதிவு செய்யும்போது ஸ்பீக்கரில் விட்டால் என்விடிஏவின் குரலும் பதிவுக்குள் புகுந்துவிடும்!

கை பழகிய பிறகு ரீப்பர் என்ற இன்னொரு எடிட்டிங் மென்பொருளுக்குப் போகலாம். 60 நாள் இலவசமாகப் பயன்படுத்திப் பார்க்க விடுவார்கள். அதோடு, ரீப்பரை என்விடிஏ வாசிக்க உதவும் ஓசாரா என்ற இலவச இணைப்பையும் போட வேண்டும். 2006இல் என்விடிஏவைத் தொடங்கிய மைக்கேல் கரனும், பிறகு ஓசாராவை எழுதிய ஜேம்ஸ் தேவும் பார்வையற்றவர்கள். தம்பியிடம் இதைச் சொல்லுங்கள்.

கல்லூரிக்கு மட்டும் அவசரப்பட்டுப் பணம் கட்டாதீர்கள். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பெண்ணை நானே ஒரு டிப்ளோமாவில் சேர்த்துவிட்டேன். மவுஸ் இல்லாமல் சொல்லித்தர ஆள் இருக்கிறதா என்று கேட்கத் தோன்றவில்லை. "இங்கே கிளிக் பண்ணு" என்பதையே கேட்டுக் கேட்டு, மூன்றே மாதத்தில் நின்றுவிட்டாள். தப்பு என்னுடையது. முதலில் பிரிக்ஃபீல்ட்ஸில் மலேசியப் பார்வையற்றோர் சங்கத்தில் கணினிப் பயிற்சி பற்றி விசாரியுங்கள்.

வருமானம் உடனே வராது. ஆபரேட்டர் வேலை கிடைத்தால் போகட்டும், மாலையில் இதைப் பழகலாம்.

இந்த வாரம் பாட்டியைப் பத்து நிமிடம் பேசவிட்டுப் பதிவு செய்து, மூன்று நிமிடமாக வெட்டச் சொல்லுங்கள். அசலையும் சேர்த்தே எனக்கு அனுப்பட்டும்.