கேளுங்க, பேசுவோம்: வாசலுக்கு வந்து கூப்பிடுங்க

போன இதழில் எங்கள் ஊர்ச் சனிக்கிழமைக் கூடலைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். காரைக்குடிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம், பழைய தொடக்கப்பள்ளியின் ஓட்டுத் தாழ்வாரம், பாட்டு, கும்மி, கோலம், ஓலை முடைதல் என்று ரெண்டு மணி நேரம். வயசு, உடம்பு, எந்தத் தெரு என்று எதுவும் கேட்பதில்லை, யாரும் வரலாம். அதற்கு இவ்வளவு கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. எழுதியவர்களில் பாதிப் பேர் ‘தனிமை’ என்ற வார்த்தையைத் தொடவே இல்லை, ‘சாயங்காலம் ஆனால் பொழுது போகமாட்டேங்குது’ என்றுதான் எழுதியிருக்கிறார்கள். இந்த இதழ் முழுக்க அவர்களுக்குத்தான்.

*எங்கள் ஆத்தாவுக்கு 74 வயது. அப்பச்சி, அதாவது எங்கள் அப்பா, போய் நாலு வருஷம் ஆகிறது. பெரிய வீட்டில் தனியாக இருக்கிறார்கள். அண்ணன் சிங்கப்பூரில், நான் சென்னையில். போன் பண்ணினால் ‘நல்லா இருக்கேன்’ என்ற ஒரே பதில். இப்படிக் கூடிப் பாடுவதாலும் ஆடுவதாலும் தனிமை உண்மையிலேயே குறையுமா, இல்லை சும்மா பொழுதுபோக்குதானா? ஆத்தா எங்கே கூப்பிட்டாலும் வரமாட்டார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.*
— ஒரு வாசகி, கோட்டையூர்

குறையும். தயங்காமல் சொல்கிறேன். எது குறையும், எது மாறாது என்பதையும் சேர்த்தே சொல்லிவிட வேண்டும்.

சான் பிரான்சிஸ்கோவில் 12 முதியோர் மையங்களில், 60 வயது தாண்டிய 390 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது, 2018-ல் முடிவு வெளிவந்தது. வாரம் ஒருமுறை எல்லோரும் சேர்ந்து பாட வேண்டும், அவ்வளவுதான். பாதி மையங்கள் உடனே ஆரம்பித்தன, மீதி மையங்கள் ஆறு மாதம் பொறுத்திருந்தன. ஆறு மாதம் கழித்து ஒப்பிட்டுப் பார்த்தபோது பாடியவர்களிடம் தனிமை உணர்வு குறைந்திருந்தது, வாழ்க்கை மேல் ஒரு பிடிப்பு கூடியிருந்தது. ஞாபக சக்தியிலும் உடல் பலத்திலும் சொல்லும்படியாக மாற்றம் எதுவும் இல்லை. மாறாததையும் மறைக்காமல் சொன்னதால்தான், மாறியதாக அவர்கள் சொல்வதை நான் நம்புகிறேன்.

பாட்டில் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2015-ல் வெளியிட்ட ஒரு கட்டுரை இருக்கிறது. முன்பின் தெரியாத பெரியவர்கள் சேர்ந்த வகுப்புகளை ஏழு மாதம் கவனித்தார்கள். சிலது பாட்டு வகுப்பு, சிலது கைவேலை, சிலது எழுத்து. பாட்டுக்குப் போனவர்கள் ஒருவரோடு ஒருவர் சீக்கிரமே ஒட்டிக்கொண்டார்கள், மற்ற வகுப்புக்காரர்கள் மெதுவாகத்தான் நெருங்கினார்கள், ஆனால் ஏழு மாதம் முடிகிறபோது எல்லா வகுப்பிலும் நெருக்கம் ஒரே அளவுக்கு வந்துவிட்டது. அதனால் நாங்கள் முதலில் பாடுகிறோம், அப்புறம்தான் ஓலையைக் கையில் எடுக்கிறோம். பாடி முடித்தவர்கள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து கொட்டான், அதாவது ஓலைக்கூடை, முடைந்தால், கை வேலையில் இருக்கும், வாய் சும்மா இருக்காது.

நம்ம செட்டிநாட்டு வீடுகளை நினைத்துப் பாருங்கள். முகப்பு, வளவு என்கிற நடுமுற்றம், இரண்டாங்கட்டு, மூன்றாங்கட்டு என்று ஒரு தெருவில் ஆரம்பித்து அடுத்த தெருவில் முடிகிற வீடு. நூறு பேர் பந்தியில் உட்கார்ந்த இடத்தில் இன்றைக்கு ஒரு தட்டு, ஒரு டம்ளர். உங்கள் ஆத்தா ‘நல்லா இருக்கேன்’ என்பது உங்களைக் கவலைப்படுத்த வேண்டாம் என்றுதான்.

சரி, வரமாட்டேன் என்கிறவரை எப்படி வரவைப்பது? எங்கள் தெருவில் ஒரு ஆச்சி இருந்தார்கள், உங்கள் ஆத்தா மாதிரியேதான். ‘வாங்க, மனசுக்கு நல்லா இருக்கும்’ என்று நான் நாலு தடவை சொல்லிப் பார்த்தேன், நாலு தடவையும் முழங்கால் வலி. அப்புறம் ஒரு நாள் ஓலைக்கட்டைக் கொண்டுபோய்த் திண்ணையில் வைத்து, ‘ஆச்சி, இதை வெள்ளிக்கிழமை ராத்திரியே நனைச்சு வைக்கணும், எங்களுக்கு எவ்வளவு தண்ணி, எவ்வளவு நேரம்னு பிடிபடமாட்டேங்குது, ஓலை உடையுது’ என்றேன். உண்மையும் அதுதான். அவர்கள் ஓலையை எடுத்து நகத்தால் ஒரு கீறு கீறிப் பார்த்துவிட்டு, ‘இப்படிக் காஞ்சதை யாரு வாங்கினா?’ என்றார்கள். சனிக்கிழமை சரியாக நாலு மணிக்கு, பழைய துண்டில் ஈரமாகச் சுற்றிய ஓலையோடு பள்ளிக்கூட வாசலில் நின்றார்கள், கொடுத்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டார்கள். அடுத்த வாரமும் அப்படியே. மூன்றாவது வாரம் நல்ல மழை. திரும்பிப் போக முடியவில்லை, தாழ்வாரத்து ஓரத்தில் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றவர்கள், பக்கத்தில் ஒரு பெண் அடியைப் பின்னிய விதம் பொறுக்காமல் உட்கார்ந்து அதைப் பிரித்தார்கள். இப்போது ரெண்டு வருஷமாக ஓலை அவர்கள் பொறுப்பு. ஒரு வாரம் வராவிட்டால் எங்களுக்கு வேலை ஓடாது, அது அவர்களுக்கும் தெரியும்.

அதனால் ஆத்தாவைப் பாட்டு வகுப்பில் சேர்த்துவிடப் பார்க்காதீர்கள். ஊரில் யாராவது ஒருவர் வீட்டுக்கே போய், அவர்களுக்குத் தெரிந்த ஒன்றைக் கேட்க வேண்டும். நடுவீட்டுக் கோலத்தில் ஒரு மூலை, பழைய தாலாட்டில் விட்டுப்போன ரெண்டு வரி, ஏதாவது ஒன்று. நம்ம பக்கம் கல்யாணத்துக்கே பத்திரிகையைத் தபாலில் அனுப்பினால் மதிப்பில்லை, நேரில் வந்து சொன்னால்தான் அழைப்பு. வாட்ஸ்அப் குரூப்பில் போட்ட அழைப்பை நம்பி 74 வயது ஆத்தா படி இறங்கமாட்டார்கள்.

ஒன்று மட்டும் கவனியுங்கள். சாப்பாடு குறைந்து, தூக்கம் கெட்டு, ‘இருந்து என்ன பண்ண’ என்ற மாதிரிப் பேச்சு வந்தால், கும்மியோடு விட்டுவிடாதீர்கள், டாக்டரிடம் கூட்டிப்போங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416-ல் எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். முதியோருக்கென்று தனி உதவி எண் 14567.

*என் மகனுக்கு 19 வயது. டவுன் சின்ட்ரோம். பாட்டுக் கேட்டால் அவனால் சும்மா இருக்க முடியாது, ஆடிக்கொண்டே இருப்பான். படித்த பள்ளியில் ஆண்டு விழா என்றால் கடைசி வரிசையில் ஓரமாக நிறுத்துவார்கள். உங்கள் கூடலுக்குக் கூட்டிவந்தால் என்ன செய்வீர்கள்?*
— ஒரு தாய், தேவகோட்டை

கடைசி வரிசையே எங்களிடம் இல்லை அம்மா. வட்டமாகத்தான் நிற்போம். அழகுக்காக அப்படி நிற்கவில்லை, மேடை என்று ஒன்று வந்ததும் பார்க்கிறவர், ஆடுகிறவர் என்று ரெண்டாகிவிடும், ஆடுகிறவர்களிலும் நல்லா ஆடுகிறவர் முன்னால் என்று ஆகிவிடும், உங்கள் மகனை ஓரத்துக்குத் தள்ளியது அந்த ஏற்பாடுதான்.

எங்கள் வழக்கம் இது: வட்டத்தில் ஒருவர் ஒரு அடி வைப்பார், மற்ற எல்லோரும் அதையே திருப்பிச் செய்வார்கள், அடுத்து பக்கத்தில் இருப்பவர். அவ்வளவு பேச்சு வராத பையன் ஒருவன் எங்களோடு இருக்கிறான். ரெண்டு கையையும் மேலே தூக்கி, உள்ளங்கையைத் திருப்பித் திருப்பி, ஒரு சுற்றுச் சுற்றிக் கடைசியில் பொத்தென்று குந்துவான். முப்பது பேரும் அவனைப் பார்த்து அதே மாதிரி குந்த வேண்டும், குந்த முடியாத ஆச்சிகள் நாற்காலியில் இருந்தே தலையைக் குனிவார்கள். முதல் தடவை அதைப் பார்த்த அவன் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார், அழுகிறாரா சிரிக்கிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. அந்த அடிக்கு இப்போது அவன் பேர்தான் வைத்திருக்கிறோம்.

காது கேட்காத பெண் ஒருத்தியும் வருகிறாள். தவுல்காரர் வாசிக்கும்போது அதன் மரத்தில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நிற்பாள், தாளம் கை வழியாக ஏறிவிடும், மறு கையால் எங்களுக்கெல்லாம் தாளம் காட்டுவாள், பல நாள் எங்களைவிடச் சரியாக. மைக் கிடையாது. சத்தம் அதிகமானால் தாங்காத பிள்ளைகள் இருக்கிறார்கள், காதில் மெஷின் வைத்தவர்களுக்கும் ஸ்பீக்கர் இரைச்சல் பெரிய தொல்லை. சத்தம் வேண்டாம் என்று தோன்றினால் எழுந்துபோய்க் கோலத்துப் பக்கம் உட்காரலாம், ஏன் போனாய் என்று யாரும் கேட்கமாட்டார்கள்.

நீங்கள் ஓரமாக உட்கார்ந்து அவனைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். நீங்களும் வட்டத்துக்குள் வாருங்கள். 19 வருஷமாக அவன் பின்னாலேயே ஓடியிருப்பீர்கள், உங்களுக்கு என்று யாரோடு கடைசியாகப் பேசினீர்கள்?

*என் கணவருக்கு பார்க்கின்சன் நோய். கை நடுக்கம், நடையில் தடுமாற்றம். நாலு பேர் பார்ப்பார்களே என்று வெளியே வருவதையே விட்டுவிட்டார். அவருக்கு ஏற்ற மாதிரி ஏதாவது உண்டா?*
— ஒரு வாசகி, காரைக்குடி

உண்டு. நியூயார்க்கில் புரூக்ளினில் மார்க் மோரிஸ் நடனக் குழு 2001-லேயே பார்க்கின்சன் உள்ளவர்களுக்கென்று நடன வகுப்பு ஆரம்பித்தது, இன்றைக்கு அது பல நாடுகளில் நடக்கிறது, நம் நாட்டில் புனேயிலும் இப்படி வகுப்பு நடந்திருக்கிறது. காரணம் எளிது. இந்த நோயில் தானாக வர வேண்டிய நடை தடைப்படுகிறது, வெளியிலிருந்து ஒரு சீரான தாளம் காதில் விழுந்தால் கால் அதைப் பிடித்துக்கொண்டு நகர்கிறது. நோய் குணமாகாது, மாத்திரையை நிறுத்தக் கூடாது, பாட்டு அதோடு சேர்ந்து துணைக்கு வரும். அவருடைய டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு ஆரம்பியுங்கள்.

எங்களிடம் உட்கார்ந்தபடியே ஆடும் கோலாட்டம் உண்டு. எதிரெதிரே நாற்காலி, தன் கம்பில் ஒரு தட்டு, எதிரில் இருப்பவர் கம்பில் ஒரு தட்டு. நாற்காலிக்குக் கைப்பிடி இருக்க வேண்டும், சக்கரம் இருக்கக் கூடாது. கை நடுங்கினால் கம்பு நழுவும்தான், நழுவினால் எடுத்துக் கொடுக்கப் பக்கத்தில் பத்து வயசுப் பிள்ளை ஒன்று உட்கார்ந்திருக்கும். பிள்ளைகள் அதை ஒரு விஷயமாகவே எடுத்துக்கொள்வதில்லை. முதல் நாள் அவர் வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போகட்டும், வற்புறுத்தாதீர்கள்.

*எங்கள் ஊரிலும் இப்படி ஒன்று ஆரம்பிக்க ஆசை. எங்கே வைப்பது, எவ்வளவு செலவாகும்? இன்னொன்றையும் கேட்டுவிடுகிறேன், எல்லாத் தெரு ஆட்களும் ஒன்றாக உட்காருவார்களா?*
— ஒரு வாசகர், புதுவயல்

கடைசியாகக் கேட்டதற்கு முதலில் பதில் சொல்கிறேன், ஏனென்றால் அதில் நான் தப்புப் பண்ணியிருக்கிறேன்.

முதல் மூன்று வாரம் தெரிந்தவர்களின் பெரிய வளவு வீடு ஒன்றில் கூடினோம். பர்மா தேக்குத் தூண், ஆத்தங்குடிக் கல் பாவிய தரை, பாடினால் குரல் சுற்றி வரும், அவ்வளவு பொருத்தமான இடம் என்று நினைத்தேன். பின்தெருவிலிருந்து வந்த ரெண்டு பெண்கள் முகப்போடு நின்றுவிட்டார்கள். ‘உள்ளே வாங்க’ என்றேன், ‘இருக்கட்டும்மா’ என்றார்கள். வீட்டுக்காரர்கள் தடுக்கவில்லை, அவர்களும் வாய் நிறையக் கூப்பிட்டார்கள். ஆனால் தலைமுறை தலைமுறையாகத் தாண்டாத படியை ஒரு ‘வாங்க’ தாண்டவைத்துவிடாது என்பதை அன்றைக்குத்தான் உணர்ந்தேன். அதே வாரம் சக்கர நாற்காலியில் வந்த பெரியவரை ஏழு படிக்கு நாலு பேர் தூக்கினோம், அவர் அப்புறம் வரவே இல்லை. நாலாவது வாரம் பள்ளிக்கூடத் தாழ்வாரத்துக்கு மாற்றினோம். அது யார் வீடும் இல்லை. ஒரே ஒரு படி, அதற்கும் பலகை போட்டுவிட்டோம். முகப்பில் நின்ற பெண்களில் ஒருவர்தான் இன்றைக்கு எங்களுக்கு முளைப்பாரிப் பாட்டு எடுத்துக்கொடுக்கிறார்.

டீ எல்லோருக்கும் ஒரே மாதிரி எவர்சில்வர் டம்ளர், முறை வைத்து எல்லோரும் கழுவுவோம். இதைச் சின்ன விஷயம் என்று விட்டுவிடாதீர்கள். டம்ளரை வைத்தே சிலர் வருவதும் நிற்பதும் முடிவாகிறது. கழுவமாட்டேன் என்று ரெண்டு பேர் நின்றுபோனார்கள், அதற்காக முறையை மாற்றவில்லை.

செலவு பெரிதாக இல்லை. டீ, சுண்டல், ஓலை, கோலமாவு எல்லாம் சேர்த்து வாரத்துக்கு 300 ரூபாய்க்குள் எங்களுக்கு முடிகிறது. கிழமையையும் நேரத்தையும் மாற்றாதீர்கள், மூன்று பேர் வந்தாலும் நடத்துங்கள். ஆண்டு விழா, பரிசு, போட்டி வேண்டாம், வைத்தீர்களோ மறுபடி நல்லாப் பாடுகிறவர்கள் மட்டும் மிஞ்சுவார்கள். எதில் ஆரம்பிப்பது என்றால் குலவையில் ஆரம்பியுங்கள். சுருதி வேண்டாம், வரி தெரிய வேண்டாம், வயசு வேண்டாம். ஒரு தடவை எல்லோரும் சேர்ந்து குலவை போட்டுவிட்டால் பாதிக் கூச்சம் அங்கேயே போய்விடும்.

*பேங்க் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவன். மனைவி காலமாகிவிட்டார். எனக்குப் பாட வராது, உங்கள் கூடல் பெண்கள் கூட்டமாகவும் தெரிகிறது. என்னைப் போன்றவனுக்கு அங்கே என்ன வேலை?*
— ஒரு வாசகர், குன்றக்குடி

குன்றக்குடியில் இருந்துகொண்டு பாட வராது என்று எழுதியிருக்கிறீர்களே ஐயா. தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கிற நகரத்தார் காவடி உங்கள் ஊரில் கூடித்தானே புறப்படுகிறது. வழியெல்லாம் ஆண்கள் பாடிக்கொண்டுதான் போகிறார்கள், அதில் யாராவது சுருதி பார்த்திருக்கிறார்களா? ஒருவர் எடுத்துக்கொடுப்பார், மற்றவர் பின்னால் சொல்வார்கள், எங்களுடையதும் அதேதான்.

பெண்கள் அதிகம் என்பது உண்மை. ஆண்கள் இதுவரை ஆறு பேர்தான், உங்களோடு ஏழு. கணக்கு எழுத ஆள் இல்லாமல் நோட்டு கிழிந்து கிடக்கிறது, அதைப் பார்க்கவாவது இந்தச் சனிக்கிழமை வாருங்கள். கிளம்புவதற்குச் சிரமமாக இருந்தால் முகவரியை எழுதுங்கள், எங்களில் யாராவது ஒருவர் வீட்டுக்கே வருவோம். வரும்போது வீட்டில் ஜால்ரா இருந்தால் எடுத்துவாருங்கள், எங்களிடம் இருப்பது ஒரு ஜோடிதான்.