எண்ணத் தெரியாதவர்கள்

கேள்வி: நிரல் எழுதப் பழகுகிறேன். பத்து முறை ஓட வேண்டிய லூப் (ஒரே கட்டளைகளைத் திரும்பத் திரும்ப ஓட்டும் பகுதி) பதினோரு முறை ஓடுகிறது. எல்லாரும் 1-லிருந்து எண்ணும்போது கம்ப்யூட்டர்காரர்கள் மட்டும் ஏன் 0-விலிருந்து தொடங்குகிறார்கள்? எனக்கு எண்ணத் தெரியவில்லையா?

பதில்: 'எண்ண' என்று சொல்லி என் வாயைக் கிளறிவிட்டீர்கள். தமிழில் எண்ணுவது என்றால் கணக்கிடுவதும்தான், யோசிப்பதும்தான். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்கிறவரை நான் இன்னும் பார்க்கவில்லை. எங்கள் உதவி ஆசிரியரிடம், "7-ஆம் பக்கம் முதல் 12-ஆம் பக்கம் வரை எத்தனை பக்கம்?" என்று கேட்டால், பன்னிரண்டில் ஏழு போக ஐந்து என்பார். விரல்விட்டு எண்ணிப் பாருங்கள், ஆறு. அந்த ஆறாவது பக்கம் வெள்ளையாகவே அச்சேறிய இதழ் இன்னும் என் மேஜையில் கிடக்கிறது. அதைக் கண்டால் மனிதர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

உங்கள் கோளாறும் அதே ஜாதிதான். 10 மீட்டர் வேலிக்கு மீட்டருக்கு ஒரு கம்பம் நட்டால் பதினோரு கம்பம் வேண்டும். 0-வில் தொடங்கி '10 வரை' என்று எழுதியிருப்பீர்கள். '10-ஐவிடக் குறைவாக இருக்கும்வரை' என்று மாற்றுங்கள். '<=' என்பதில் உள்ள சமக்குறியை நீக்கினால் போதும்.

0 ஏன்? அரேயில், அதாவது மதிப்புகளை வரிசையாக அடுக்கிய பட்டியலில், ஓர் உறுப்பின் எண் அது தொடக்கத்திலிருந்து எவ்வளவு தூரம் என்பதைச் சொல்கிறது. முதல் உறுப்பு தொடக்கத்திலேயே நிற்கிறது, தள்ளி இல்லை, ஆகவே 0. ஸ்கேலின் முதல் கோடும் 0-தானே! 'சி' மொழி இப்படி. அதற்கு மூத்த ஃபோர்ட்ரான் வழக்கமாக 1-லிருந்துதான் எண்ணும். 0-தான் சரி என்று கணினி அறிஞர் டைக்ஸ்ட்ரா 1982-இல் தனிக் குறிப்பே எழுதினார். தொடக்கத்தைச் சேர்த்து முடிவை விட்டுவிட்டால், கழித்த விடையே எண்ணிக்கையாகிவிடும் என்பது அதில் ஒரு வாதம். அப்படிப் பார்த்தால் ஏழிலிருந்து பன்னிரண்டுக்கு ஐந்துதான். இதை எங்கள் உதவி ஆசிரியரிடம் சொல்லிவிடாதீர்கள்.

0 இல்லாததால் நான் ஒரு நண்பரையே இழந்தேன். கி.மு. 1-க்கு அடுத்தது நேராக கி.பி. 1, நடுவில் பூஜ்ய ஆண்டு கிடையாது. எனவே 21-ஆம் நூற்றாண்டு பிறந்தது 2001 ஜனவரி 1 அன்றுதான். 2000 பிறந்த இரவில், கேக் வெட்டும் நேரம் பார்த்து இதை விளக்கினேன். அடுத்த வருடம் அதே நாளில் போன் போட்டு, "இப்போது சொல்கிறேன், புது நூற்றாண்டு வாழ்த்துகள்" என்றேன். வைத்துவிட்டார். நாங்கள் பேசி எத்தனை வருடம் ஆகிறது என்று அவரைக் கேளுங்கள், 2000-லிருந்து எண்ணுவார்.