கீமோ மாத்திரைக்குப் பின் மரணம்: மருத்துவமனை மீது வழக்கு நிற்குமா?

கேள்வி: பெருங்குடல் புற்றுநோய் ஆபரேஷனுக்குப் பிறகு என் அம்மாவுக்குத் தனியார் மருத்துவமனையில் கேப்சிடபைன் மாத்திரை கொடுத்தார்கள். ஆறாம் நாள் வாய்ப்புண், தினமும் ஏழெட்டு முறை வயிற்றுப்போக்கு. வாட்ஸ்அப்பில் கேட்டதற்கு, "இது சகஜம், தொடருங்கள்" என்றார்கள். பதினோராம் நாள் ஐசியூ. ஒரே வாரத்தில் இறந்துவிட்டார். டிபிடி என்சைம் குறைபாட்டை முன்பே சோதித்திருக்கலாமாமே? வழக்குப் போடலாமா?
— வாசகர், பெரம்பூர், சென்னை

பதில்: போடலாம். ஆனால் 'சோதிக்கவில்லை' என்ற ஒன்றை மட்டும் நம்பி இறங்காதீர்கள். இந்த மருந்தின் 80 சதவீதத்துக்கு மேல் சிதைத்து வெளியேற்றுவது டிபிடி என்சைம்தான். அது குறைந்தால் வழக்கமான டோஸே உயிரைப் பறிக்கும். ஐரோப்பிய மருந்து முகமை 2020-லேயே முன்சோதனையைப் பரிந்துரைத்தது. எதிர்த்தரப்போ, இந்தக் குறைபாட்டுக்குக் காரணமென்று சோதனையில் தேடும் மரபணு மாற்றங்கள் பெரும்பாலும் ஐரோப்பியரிடம் காணப்படுபவை, இங்கே மற்ற மருத்துவர்களும் சோதிப்பதில்லை என்று வாதிடும். சக மருத்துவர்கள் வழக்கமாகச் செய்வதை வைத்தே கவனக்குறைவை அளக்கும் உச்ச நீதிமன்றத்தின் ஜேக்கப் மேத்யூ தீர்ப்பின் (2005) அளவுகோலில் அந்த வாதத்துக்கு வலு உண்டு.

உங்கள் பலம் அந்த வாட்ஸ்அப் பதில்தான். வழக்கத்தைவிட நாளுக்கு நான்கு முதல் ஆறு முறை கூடுதலாகப் போனாலே மாத்திரையை உடனே நிறுத்தச் சொல்கிறது மருந்துக் குறிப்பு. என்சைம் குறைபாடு இருந்ததோ இல்லையோ, அன்றே நிறுத்தியிருக்க வேண்டும். எனவே அந்த போனை விற்கவோ ரீசெட் செய்யவோ கூடாது. ஸ்கிரீன்ஷாட்டோடு பாரதிய சாட்சிய சட்டம் 63-ஆம் பிரிவின்படி மின்னணு ஆதாரத்துக்கான சான்றிதழும் இணைக்க வேண்டும்.

அடுத்தது ஒப்புதல் படிவம். 'பக்கவிளைவுகள் வரலாம்' என்ற அச்சடித்த ஒற்றை வரிக்குக் கீழே கையெழுத்து வாங்கியிருந்தால், அபாயங்களை விளக்கிச் சொல்லித்தான் ஒப்புதல் வாங்க வேண்டும் என்ற உச்ச நீதிமன்றத்தின் சமீரா கோலி தீர்ப்பை (2008) வைத்து அதைக் கேள்வி கேட்கலாம்.

கேஸ் ஷீட், நர்சிங் சார்ட், ரத்தப் பரிசோதனை முடிவுகள் எல்லாவற்றையும் எழுத்துமூலம் கேட்டு, அக்னாலெட்ஜ்மென்ட் வாங்குங்கள். 72 மணி நேரத்தில் தர வேண்டும் என்கிறது 2002 மருத்துவ நெறிமுறை விதி. ஆபரேஷனில் எடுத்த திசுவின் பாரஃபின் பிளாக்கை (மெழுகில் பதித்து வைத்த திசுத் துண்டு) பத்திரப்படுத்தச் சொல்லித் தனிக் கடிதம் கொடுங்கள். கட்டியில் மரபணு மாறியிருக்கக்கூடும் என்பதால், புற்றில்லாத ஓரத் திசுவின் பிளாக்கையும் குறிப்பிடுங்கள். இறந்தவருக்குக் குறைபாடு இருந்ததா என்பதை அதிலிருந்து சோதிக்க முடியும்.

சிகிச்சைக்குக் கட்டிய தொகை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கேட்கும் இழப்பீட்டை வைத்து இது முடிவாவதில்லை. இரண்டு ஆண்டுக்குள் தாக்கல் செய்யுங்கள். போலீஸ் புகாருக்கு அவசரப்படாதீர்கள். சுயேச்சையான மருத்துவரின் கருத்து இல்லாமல் அது நகராது.

நீங்களும் உடன்பிறந்தவர்களும் சோதித்துக்கொள்வது நல்லது. உங்களிடம் அந்த மரபணு மாற்றம் இல்லாவிட்டால், அம்மாவிடமும் இல்லை என்று ஆகிவிடாது. பிள்ளைக்கு அது வர பாதி வாய்ப்புதான்.